யாரும் இல்லை என்று சொல்ல மாட்டாள்

ஊசி என்பதுதான் எங்கள் முதியோர் விடுதியில் அவளுக்குப் பெயர். சட்டைத் தொழிற்சாலையில் காலமெல்லாம் காலர் தைத்தவள். பேச்சும் சுருக்கென்று குத்தும். கண் மங்கி வேலை போனது. தங்கை வீட்டிலோ கால் நீட்ட இடமில்லை. அதனால் என் அடுத்த அறைக்கு வந்து சேர்ந்தாள்.

இந்த விடுதியைக் கட்டியவர் பிள்ளை இல்லாத ஒரு மர வியாபாரி. நாதியற்ற கிழங்கட்டைகளுக்கென்று அந்தக் காலத்திலேயே முற்றத்தைச் சுற்றி அறைகள் கட்டிவிட்டார். மகராசன், செய்ததெல்லாம் புண்ணியம்தான். ஆனால் கூடவே ஒரு வம்பையும் சாசனத்தில் எழுதிவிட்டுப் போனார். அவர் நினைவு நாளில் ஒவ்வொருவரும் அவர் படத்துக்கு முன் நின்று, "எனக்கு யாரும் இல்லை, ஐயாவே துணை" என்று சொல்ல வேண்டும். சொல்லாதவர் வெளியேற வேண்டும். நாங்களும் வருடாவருடம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவந்தோம்.

ஊசிக்கு அது முதல் வருடம். "வாராவாரம் என் தங்கச்சி வந்து தலை சீவி விடுறா. அவ இருக்கும்போது யாரும் இல்லன்னு எப்படிண்ணே சொல்றது?"

"அட, வாய் வார்த்தைதானேம்மா! முணுமுணுத்துட்டு வந்துடு. வெளிய அனுப்பிட்டா எங்க போவே?"

"தெருவுல நின்னாலும் நிப்பேன். சொல்ல மாட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

நினைவு நாளன்று தங்கையும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஊசி படத்தை நேராகப் பார்த்தாள். "ஐயா, உங்க புண்ணியத்துல நிம்மதியாத் தூங்குறேன். ஆனா எனக்குத் தங்கச்சி இருக்கா. அதோ, உக்காந்திருக்கா பாருங்க."

விடுதிச் செயலாளர் துள்ளி எழுந்தார். "அம்மா, ஒழுங்காச் சொல்லுங்க. இல்லன்னா இன்னைக்கே அறையைக் காலி பண்ணணும்."

"இடம் இல்லன்னுதான் இங்க வந்தேன். மனுஷங்க இல்லன்னு வரல." அவள் அசையவில்லை. பின்னால் தங்கை விம்மிவிட்டாள்.

வரிசையில் அடுத்து நின்றவர் எதிர் அறைக்காரர், ஒருகாலத்தில் கல்யாண வீட்டுச் சமையல்காரர். தொண்டையைச் செருமினார். "எனக்கும் ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க."

செயலாளருக்கு வேர்த்துவிட்டது. என் பக்கம் திரும்பினார். "பெரியவரே, நீங்களாவது சொல்லுங்க. உங்களப் பார்க்க ஒருத்தரும் வந்ததில்லையே!"

நான் பஸ் ஓட்டிப் பிழைத்தவன். என்னை இங்கே இறக்கிவிட்டதே என் மகன்தான். "கேட்டா யாரும் இல்லன்னு சொல்லிடுங்கப்பா" என்று வாசலிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனவன், அப்புறம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வாயைத் திறந்தேன். பாழாய்ப்போன அந்த வாக்கியம் வரவே இல்லை.

"எனக்கு ஒரு பையன் இருக்கான்" என்றேன். "வந்தாலும் வராட்டியும் அவன் என் பையன்தான்."

சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அடுத்து யார் யாரைச் சொல்லப்போகிறார்களோ என்று செயலாளர் எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோரையும் வெளியே அனுப்பினால் விடுதியில் ஐயாவின் படம் மட்டும்தான் மிஞ்சும்.