விலை விழக் கும்பிட்டவன்

“...மழை வேணும்னு கும்பிடுறவன் இருக்கான், வெயில் வேணும்னு கும்பிடுறவன் இருக்கான். தன் தோட்டத்துப் பழத்துக்கே விலை விழணும்னு கும்பிடுறவன் இந்தப் பந்திங் வட்டாரத்துல நான் ஒருத்தன்தான்ணே” என்றான், என் லோரியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்.

சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை. போனில் வந்திருந்த செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தான்.

நான் கிள்ளானிலிருந்து லோரி ஓட்டிப்போய், சின்னத் தோட்டக்காரர்களின் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் மில்லில் இறக்குகிறவன். அவனுக்கு ஐந்து ஏக்கர். ஐந்தும் அவன் மனைவி பேரில். அவளுடைய அப்பா எஸ்டேட்டில் உழைத்து வாங்கிய நிலம்.

நம் பழத்துக்கு நாம் விலை சொல்ல முடியவில்லையே என்பது அவனுடைய தீராத வயிற்றெரிச்சல். எங்கோ ஐரோப்பாவில் நாலு பேர் கூடி, இந்த எண்ணெயை வாங்கலாமா வேண்டாமா என்று பேசினால் இங்கே குலைக்கு விலை குறையும். நியாய விலை கிடைக்கும் என்று யாரோ கொடுத்த பாரங்களையெல்லாம் நிரப்பினான். வேலியில் மாட்ட ஒரு போர்டு வந்தது. விலை வரவில்லை. “விதைக்கிறவன் ஒருத்தன், விலை போடுறவன் ஒருத்தன்” என்பான். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப்போய், போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்ச் சந்தை வகுப்பு நடக்கிறது என்று அவனைக் கூட்டிப்போனவன் நான்தான். டை கட்டிய ஒரு பையன் நல்ல தமிழில் விளக்கினான். மூன்று மாதம் கழித்து வரப்போகும் எண்ணெயை இன்றைய விலைக்கே விற்றதாகச் சந்தையில் பதிந்துகொள்ள வேண்டும். விலை விழுந்தால், பழத்தில் போனது சந்தையில் கிடைக்கும். ஏறினால், சந்தையில் போனது பழத்தில் கிடைக்கும். கேட்க எவ்வளவு நியாயமாக இருந்தது! எனக்குத்தான் பழமுமில்லை, பணமுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பலமாகத் தலையாட்டினேன்.

அளவை நாங்கள் யோசிக்கவே இல்லை. அங்கே ஒரு பதிவென்றால் இருபத்தைந்து டன் எண்ணெய். அவன் இரண்டு பதிந்தான். அவ்வளவு எண்ணெய்க்கு அவனுடைய மரங்கள் ஆறேழு வருஷம் காய்க்க வேண்டும்.

விலை ஏறத் தொடங்கியது. குலை நிறுக்கிற இடத்தில் தோட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்கள். அவனும் சிரித்தபடி வாங்கிக் குடித்தான். ஒவ்வொரு ஏற்றத்துக்கும் பணம் கட்டச் சொல்லிப் போனில் செய்தி வந்தது. பழத்தில் கூடக் கிடைத்தது அதற்குக் காணவில்லை; சேமிப்பு போனது. மனைவியின் வளையலை மெருகு போடக் கொடுப்பதாகச் சொல்லி வாங்கிப்போய் அடகு வைத்தான். விட்டுவிடுடா என்று நான் சொன்னபோதெல்லாம், ஏறினது இறங்கித்தானே ஆகணும் என்றான்.

லோரியில் அவன் அப்படிச் சொன்ன அன்றைக்கு வந்ததுதான் கடைசிச் செய்தி. ஆறு மணிக்குச் சந்தை மூடுவதற்குள் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அவர்களே கணக்கை முடித்து நஷ்டத்தை அவன் தலையில் வைத்துவிடுவார்கள். எப்படிப் பார்த்தாலும் நிலத்தை விற்காமல் தீராது. அவள் கையெழுத்தில்லாமல் நிலம் விலைபோகாது. அவளுக்கோ ஒன்றும் தெரியாது.

லோரி அவன் தோட்டத்துக்குள் நுழைந்தபோது மணி நாலரை. மரத்தடியில் உதிர்ந்த பழங்களை வாளியில் பொறுக்கிக்கொண்டிருந்தவள் லோரியைப் பார்த்து நிமிர்ந்தாள்.

“அண்ணே, இந்த வாரம் நல்ல விலையாமே? உங்க கூட்டாளிகிட்ட என் வளையலைக் கேட்டு வாங்கிக் குடுங்க. மூணு மாசமாவா மெருகு போடுறாங்க? தங்கமே தேஞ்சிருக்கும்லா.”

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எதற்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிற நான், என்ஜினை அணைக்கிற சாக்கில் குனிந்துகொண்டேன். அவன் பக்கம் திரும்பவும் தைரியம் வரவில்லை. அந்த மாடிப்படியில் அவனுக்கு முன்னால் ஏறினவன் நான்.

“நீங்க வராதீங்கண்ணே” என்றான்.

கதவைத் திறந்து இறங்கினான். குலைகளைத் தாண்டி நேராக அவளிடம் போய், அவள் கையிலிருந்த வாளியை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, போனை அவளிடம் நீட்டினான்.