பிஸ்கோத்துக்கு மூன்று சீட்டு

1. சுவரில் மூன்று வரி

மயிலாப்பூரில் ஒரு பல் டாக்டர் க்ளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அகராதி ஆபீஸ். அங்கே பதினெட்டு வருஷம் ப்ரூஃப் பார்த்தேன். பிறகு ஓய்வு பெறும்வரை பேச்சு வழக்குப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. அந்தப் பிரிவு எப்படி வந்தது என்று இப்போது சேர்ந்திருக்கும் பிள்ளைகள் கேட்டு நச்சரித்ததால் இதை எழுதுகிறேன்.

ஒரு சொல்லுக்குப் புதுப் பொருள் சேர்க்க வேண்டுமானால் சீட்டு வேண்டும். யார், எங்கே, யாரிடம், என்ன சொன்னார் என்று ஒரு அட்டையில் எழுதுவதுதான் சீட்டு. விதிகளைத் தலைமைப் பதிப்பாசிரியர் சேஷாத்ரி சார் தன் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். மூன்று தொழில்காரர்களிடமிருந்து மூன்று சீட்டு. கேட்டு வாங்கின பேச்சு செல்லாது. சீட்டு எழுதுபவரும் அவர் வீட்டாரும் சாட்சி ஆக முடியாது.

பேச்சு வழக்குக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று நான் முதலாளியின் உயிரை வாங்கினேன். ஒரு நாள் டீயில் தோய்த்துக்கொண்டிருந்த பிஸ்கட்டைத் தூக்கிக் காட்டி, "இந்த ஒரு சொல்லை முழுசா முடிச்சுக் காட்டும்மா. நின்னா பிரிவு உன்னுது. இல்லேன்னா பேசாம ப்ரூஃபைப் பாரு" என்றார். மூன்று வாரம் கெடு.

2. நான்காவது பொருள்

தின்கிற பிஸ்கட்டுக்கு யாரும் சீட்டுக் கேட்கவில்லை. தங்க பிஸ்கட்டுக்கு தியாகராய நகர் நகைக்கடைகளில் ஒரே மதியத்தில் தேறிவிட்டது. காரியம் ஆக ஒருவரைப் புகழ்ந்து குளிரவைக்கும் 'பிஸ்கட் போடுற'துக்கு எங்கே போனாலும் ஆள் கிடைத்தார்கள். மாட்டிக்கொண்டது நான்காவது: பிஸ்கோத்து. அற்பமான, சுலபமான என்று பொருள்.

திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில் ஓர் ஆட்டோக்காரர் சவாரியிடம், "இன்னா சார், இந்த சந்துல பூந்து போறதெல்லாம் பிஸ்கோத்து மேட்டரு" என்றார். ஒரு சீட்டு. பாண்டி பஜாரில் ஜிப் மாற்றித் தரும் ரஹீம் பாய் ஒரு வாடிக்கையாளரிடம், "இது பிஸ்கோத்து வேலைம்மா, பத்து நிமிஷம் உக்காருங்க" என்றார். இரண்டாவது சீட்டு.

சேஷாத்ரி சார் இரண்டையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இது ஆத்தங்கரைக் குடிசைப் பேச்சு, நிர்மலா. கொச்சைன்னு போட்டுட்டு விட்டுடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நான் அடையாற்றங்கரையில் பிறந்தவள். எங்களை அங்கிருந்து கிளப்பி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டபோது எனக்குப் பதினாறு வயது. அது அவருக்குத் தெரியும், அந்த நேரத்தில் மறந்திருப்பார். எங்கள் ஆபீஸில் கொச்சை என்று முத்திரை விழுந்தால் அந்தப் பொருள் அச்சுக்குப் போகாது. என் அம்மா நாளைக்குப் பத்து தடவை சொல்லும் சொல், அவள் என் அம்மா என்பதாலேயே கணக்கில் வராது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"படிச்சவா வாயிலேர்ந்து ஒண்ணு வரட்டும், ஒத்துக்கறேன்" என்றார் கடைசியில்.

3. நான் செய்த தப்பு

இரண்டு வாரம் வங்கி, கோயில் வரிசை, மாம்பலம் ஸ்டேஷன் என்று காதைத் தீட்டிக்கொண்டு அலைந்தேன். ஒன்றும் விழவில்லை. பொறுமை போய், அடையாறில் ஒரு கல்லூரிப் பேராசிரியையிடம் பேச்சுக் கொடுத்தேன். "இந்த மாதிரிச் சின்ன விஷயத்தையெல்லாம் என்னன்னு சொல்லுவீங்க? பிஸ்..." என்று இழுத்தேன். அவர் சிரித்துக்கொண்டே முடித்துவைத்தார். நானும் வெட்கமில்லாமல் எழுதிக்கொண்டு வந்தேன்.

சேஷாத்ரி சார் ஒரே கேள்விதான் கேட்டார்: "தானா சொன்னாளா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. நடந்ததைச் சொன்னேன். சீட்டைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் செய்தது சரி என்பதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

4. வெள்ளிக்கிழமை

கெடு முடிகிற நாள். முதலாளி முன்னால் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். பாதியில் அச்சகத்திலிருந்து சேஷாத்ரி சாருக்கு போன். காகிதம் ஒரு சாயல் மஞ்சளாக வந்துவிட்டது என்று அச்சகக்காரர் புலம்பியிருக்கிறார். சாரோ புள்ளி விட்டுப்போன ஒரு பக்கத்தைப் பற்றிய கவலையில் இருந்தார்.

"யோவ், மஞ்சளாவது வெள்ளையாவது, அதெல்லாம் பிஸ்கோத்து சமாசாரம். புள்ளியைப் பாரும்யா முதல்ல" என்று கத்திவிட்டு போனை வைத்தார்.

எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தோம். அவருக்கு ஒன்றும் உறைக்கவில்லை. நான் ஓர் அட்டையை எடுத்தேன். சொன்னவர், தொழில், இடம், யாரிடம் என்று எல்லாம் எழுதி, அவர் முன்னால் வைத்தேன்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். சீட்டையே அடித்துவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"மேட்டர்னு எழுதியிருக்கேள். நான் சமாசாரம்னுதான் சொன்னேன். சொன்னதைச் சொன்னபடி எழுதணும்" என்றார். ஒரு சொல்லைத் திருத்தி, கீழே கையெழுத்துப் போட்டார். "நாலாவது பொருள், பேச்சு வழக்கு. கொச்சை இல்லை."

முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. திங்கட்கிழமை எனக்குத் தனி மேஜை வந்தது.

பிரிவில் சேர்கிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: காதைத் திறந்து வையுங்கள், வாயை மூடிக்கொண்டிருங்கள். நமக்குக் கசக்கிற விதியும் ஒரு நாள் நம் பக்கம் நிற்கும்.

அந்த வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு அந்தப் பதிவைப் படித்துக் காட்டினேன்.

"இதுக்கா மூணு வாரம்? என்னக் கேட்டிருந்தா சொல்லிருப்பேனே" என்றாள்.

"உன்னைக் கேக்கக் கூடாதுன்னு ரூலும்மா."

"அது இன்னாடி பிஸ்கோத்து ரூலு" என்றாள் அம்மா.

அதையும் ஓர் அட்டையில் எழுதினேன். செல்லாது என்று தெரிந்தேதான் எழுதினேன்.