தரைப்பாலத்துக்கு அந்தப் பக்கம்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டின் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, சிவகாமசுந்தரி இக்கான் பிலிஸ் என்கிற நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பத்தாறு வயது. இந்த வீட்டில் வேலைக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. எதிரே வீட்டுக்கார அம்மா பதுருன்னிசா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“குடலையும் எடு சுந்தரி. போன தடவை சம்பல் கசந்துச்சு.”

“அது நீங்க மிளகாயக் கருக்கினதால வந்துச்சுக்கா.”

“வாய் மட்டும் நல்லா வளந்திருக்கு லா.”

சுந்தரி சிரிக்கவில்லை. கண் கைபேசியின் மேலேயே இருந்தது. ஊரில் மகள் தாரணி நிறைமாதம்.

ஊர் பெரம்பலூர்ப் பக்கம். தார்ச்சாலையிலிருந்து நாலு கிலோமீட்டர் மண்பாதை, நடுவில் ஓடை, அதைத் தாண்ட ஒரு தரைப்பாலம். பெருமழை பெய்தால் பாலத்துக்கு மேலேயே தண்ணீர் ஓடும். சுந்தரிக்கும் அங்கே ஒரு ஏக்கர் இருந்தது. கத்தரிக்காய் நன்றாகத்தான் விளைந்தது. வியாபாரியின் வண்டி அந்தக் கரையிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். காய் மூட்டையிலேயே அழுகும். மூன்று மழைக்காலத்தில் நிலம் கைவிட்டுப் போனது. பிறகொரு நாள், நெஞ்சுவலி வந்த புருஷனைக் கயிற்றுக்கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். தார்ச்சாலையில் ஆம்புலன்ஸ் காத்திருந்தது. அதில் ஏற்றும்போது உயிர் இல்லை. அதற்கப்புறம்தான் அவளுக்குச் சிங்கப்பூர்.

அந்த ஊரில் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பிள்ளைத்தாச்சிகளைச் சாலையோர ஊரில் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிடுவது வழக்கம். தாரணியைக் கூட்டிப்போகப் பால்காரரின் லோடு ஆட்டோ நேற்றுதான் கிடைத்தது. தடுத்தவள் சுந்தரி.

“செவ்வாக்கிழமை பிள்ளத்தாச்சியக் கிளப்பாதீங்க தம்பி. ஒரு நாள்தானே, புதன்கிழமை போங்க” என்று மருமகன் சரத்திடம் போனில் சொன்னாள்.

செவ்வாய் இரவு முழுக்க அங்கே மழை கொட்டியது.

கைபேசி அடித்தது. சரத்.

“அத்தை, பாலம் முங்கிடுச்சு. முட்டிக்கு மேல ஓடுது, இன்னும் ஏறுது. ஆம்புலன்ஸ் அந்தக் கரையில வந்து நிக்கிது.”

“எதுக்கு ஆம்புலன்ஸு? இன்னும் பத்து நாள் இருக்கே.”

“விடியக்காலையிலேருந்து வலிங்கறா. விட்டு விட்டு வருதாம். கட்டில்ல வச்சுத் தண்ணியில எறங்கிடலாம்ங்கறாங்க. இல்ல, வடியட்டும்னு பாக்கவா? நீங்க சொல்லுங்க அத்தை.”

“பத்து நிமிஷம் பொறுங்க தம்பி. கூப்பிடுறேன்.”

பதுருன்னிசா கத்தியைக் கீழே வைத்திருந்தார். “டிக்கெட் பாக்கச் சொல்லவா? ராத்திரிக்கே திருச்சி போய் எறங்கிடலாம்.”

“எறங்கி? நானும் அந்தக் கரையிலதானே நிக்கணும்.”

கீழே நிறுத்தத்தில் ஒரு பஸ் வந்து, ஆளை ஏற்றிக்கொண்டு போனது.

“நேத்து நான் சொன்னதக் கேட்டுத்தான் நின்னாங்க. இன்னிக்கும் என்னையே கேக்குறாங்க. எறங்கச் சொல்லி, ஓடையில கால் வழுக்கிச்சுன்னா?” சுந்தரியின் விரல்கள் மீன் செதிலை உதறிக்கொண்டே இருந்தன. “பிரசவ வலி இல்ல, வெறும் சூட்டு வலின்னா எறங்க வேணாம்னு சொல்லிடலாம். நீங்க ரெண்டு பெத்தவங்க. விட்டு விட்டு வந்தா அது சூட்டு வலிதானேக்கா?”

பதுருன்னிசாவுக்கு இரண்டு பிரசவத்திலும் வலி அப்படித்தான் விட்டு விட்டு வந்தது. வெங்காயத்தோலை இரண்டு கையாலும் கூட்டி அள்ளினார். எழுந்து, சுந்தரியின் முகத்தைப் பார்க்காமல் சமையலறைக்குள் போனார்.