மரப்பெட்டிக்குள் வந்த வெயில்

தொண்ணூறுகளின் நடுவில், ஒரு ஐப்பசி மாதம். கொற்கையைத் தாண்டி, தாமிரபரணி கடலில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற ஒரு சின்ன ஊரில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு அங்கே தொடக்கப் பள்ளியில் வாத்தியார் வேலை. எனக்கு எட்டாம் மாதம், தலைப்பிரசவம். மழை விட்டதும் பாளையங்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போவதாக இருந்தேன். மழை விடவே இல்லை.

ஊருக்கு வெளியே, பனைகளுக்கு நடுவே ஒரு மணல்மேட்டில் தனியாக ஒரு வீடு உண்டு. கப்பலில் எலெக்ட்ரீசியனாக இருந்த ஓர் அண்ணன் கட்டிய வீடு. அவர் மனைவி பிலிப்பைன்ஸ்காரர். சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தபோது இவரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டவர். பிலிப்பைன்ஸ் என்ற பெயர் ஊரில் யார் வாயிலும் நுழையவில்லை. 'சீனாக்காரி வீடு' என்றுதான் சொல்வார்கள்.

அவ்வளவு தூரம் கரண்ட் கம்பம் நடுவதற்கு வழியில்லை என்று ஆகிவிட்டதால், அந்த அண்ணன் இரண்டு சோலார் தகடுகளைக் கப்பலிலேயே கொண்டுவந்து மொட்டைமாடியில் சாய்த்து வைத்திருந்தார். கீழே அறையில் லாரி பாட்டரிகள். "வெயிலப் புடிச்சு பாட்டரியில அடைச்சு வச்சிருக்காவளாம்" என்று ஊரே சிரிக்கும். நானும் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். சத்தம் இல்லை, புகை இல்லை. நீலத் தகடு பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது, உள்ளே டியூப்லைட் எரிகிறது! பார்த்துவிட்டு வந்தும் எனக்கு நம்ப முடியவில்லை.

அந்த மழையில் ஒருநாள் காலை ஆற்றுக்கரை உடைந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் அந்த மணல்மேட்டைப் பார்த்து நடந்தோம். வழியில் கால் வழுக்கி உட்கார்ந்த மாதிரி விழுந்தேன். மேடேறும்போதே வலி ஆரம்பித்துவிட்டது.

நர்ஸாக இருந்த அந்த வீட்டு அக்கா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்னைத் தாங்கிக்கொண்டுபோய்த் தன் கட்டிலிலேயே படுக்க வைத்தார். "பயப்படாத. பைய மூச்சு விடு. நான் இருக்கேன்லா" என்றார். புருஷனிடம் கற்ற தமிழ் என்பதால் எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே வரும். மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்துவிட்டது. அழுகை என்று சொல்ல முடியாது, பூனைக்குட்டி முனகுகிற மாதிரி ஒரு சத்தம். உள்ளங்கை இரண்டுக்குள் அடங்கிவிடும். பாதம் ஜில்லென்று நீலம் பாரித்திருந்தது.

"இவளுக்குச் சூடு வேணும். சூடு இருந்தாப் பொழைச்சுக்கிடுவா" என்று சொல்லி, துடைத்து என் நெஞ்சோடு சேர்த்துப் படுக்கவைத்தார். ஆனால் சாயங்காலத்துக்குள் எனக்கே குளிர்க்காய்ச்சல் வந்து உடம்பு தூக்கிப் போட்டது. உடனே அந்த அக்கா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "சார், சட்டையைக் கழத்துங்க" என்றார். இத்தனை பேர் முன்னால் அவர் கூச்சப்பட்டு நின்றார். "உங்க பிள்ளைதான? சீக்கிரம்!" என்று ஒரு அதட்டல். பிள்ளையைத் தூக்கவே பயந்த மனுஷன், நெஞ்சில் ஒட்டவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டார். அவரும் எவ்வளவு நேரம்தான் அப்படியே உட்கார்ந்திருக்க முடியும்? விறகெல்லாம் ஊறிக் கிடந்தது. வெந்நீர் வைப்பதே பெரும்பாடு.

அப்போதுதான் அந்த அண்ணன் சோலார் தகடு வந்த மரப்பெட்டியைத் தூக்கிவந்தார். உள்ளே தெர்மோகோல், அதன்மேல் அவர்கள் வீட்டுப் போர்வை. ஒரு பக்கம் கம்பிவலை அடித்து, அதற்குப் பின்னால் கார் பல்பு இரண்டை மாட்டினார். ஒயரைப் பாட்டரியில் கொடுத்ததும் பல்பு எரிந்தது. அந்த அக்கா காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, கையை விட்டுத் தடவிப் பார்த்து, தலையசைத்தார். என் மகள் பெட்டிக்குள் போனாள். பசித்தால் என் பாலைப் பாலாடையில் எடுத்துச் சொட்டுச் சொட்டாகப் புகட்டுவார்.

அண்ணன் பாட்டரிமேல் இருந்த மீட்டரைப் பார்த்துவிட்டு, "வானம் இப்படியே மூடிக் கிடந்தா ரொம்பத் தாங்காது" என்றார். அடுத்த நிமிஷம் வீட்டிலிருந்த மற்ற எல்லா ஒயரையும் பிடுங்கினார். டியூப்லைட் போயிற்று. ஃபேன் போயிற்று. வெள்ளச் செய்தி கேட்டுக்கொண்டிருந்த ரேடியோ போயிற்று. சுவரில் குழந்தை இயேசு படத்துக்கு முன்னால் ஒரு குட்டிச் சிவப்பு பல்பு இருந்தது. அதை அந்த அக்காவே கழற்றினார். "அவருக்கு இருட்டுல கண்ணு தெரியும்" என்று சொல்லிச் சிரித்தார். அவ்வளவு பெரிய வீட்டில் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் வெளிச்சம். சுற்றிலும் ஊர்க்காரர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

மறுநாளும் மேகம், அதற்கு மறுநாளும் மேகம். மீட்டர் முள் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்புக் கோட்டை நோக்கி இறங்கியது. ஒரு பல்பை அணைத்தார்கள். ஆம்பளைகள் முறைவைத்து மாடியேறி, தகட்டில் விழுகிற ஓலையை எடுத்து, மழைத்தண்ணீரைத் துடைத்துவிட்டு வந்தார்கள். பாட்டரியைப் பற்றிச் சிரித்தவர்கள்தான் அவர்கள். மிச்சமிருந்த ஒரு பல்பும் மங்கி, செம்பு நிறத்துக்கு வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் மறுபடியும் பிள்ளையை நெஞ்சில் வாங்கிக்கொண்டார். என்னைப் பார்க்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கும்பிடக்கூடத் தெம்பில்லை.

அடுத்த நாள் காலை, மாடியிலிருந்து ஒரு கூப்பாடு. "ஏலே, வெயிலு! வெயிலு வருதுலே!" அண்ணன் மீட்டர்முன் போய்க் குனிந்தார். கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு குரல் உடைந்து, "ஏறுதுவே... முள்ளு ஏறுதுவே" என்றார். எல்லாரும் பாட்டரி இருந்த அந்தச் சின்ன அறைக்குள் முட்டிமோதி எட்டிப் பார்த்தார்கள், கருவறைக்குள் பார்க்கிற மாதிரி. கட்டிலில் படுத்திருந்த எனக்குப் பெட்டி மட்டும்தான் தெரிந்தது. செம்பு நிறத்திலிருந்த பல்பு மஞ்சளாகி, மெல்ல மெல்லப் பளிச்சென்று ஆனது. அந்த அக்கா பிள்ளையை வாங்கி உள்ளே படுக்க வைத்தார். வெகு நேரம் பார்த்துக்கொண்டே கிடந்தேன். எங்கேயோ இருக்கிற சூரியன் ஒரு தகட்டில் விழுந்து, ஒரு ஒயர் வழியாக வந்து, என் பிள்ளையின் பாதத்தை ரோஜா நிறமாக்கிக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. காய்ச்சலினால் இல்லை.

வெள்ளத்தின் வேகம் குறைந்து படகு வந்ததும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெட்டியோடுதான் போனோம். கூடவே ஒரு பாட்டரியையும் அண்ணன் படகில் ஏற்றிவிட்டார். பிள்ளை தேறிவிட்டாள். அந்தக் குடும்பம் சில வருஷம் கழித்து அக்காவின் ஊரான மணிலாவுக்கே போய்விட்டது. என் மகளுக்கு இப்போது கல்யாணமாகி அவளுக்கும் ஒரு பிள்ளை இருக்கிறது.

சித்திரை மாதம் திருநெல்வேலியில் வெயில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. "என்னா போடு போடுது, சண்டாள வெயிலு" என்று எல்லாரும் திட்டுவார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்றுவரை என் வாயில் வரமாட்டேன் என்கிறது.