இரண்டு உருண்டைச் சோறு

ஐம்பதுகளின் தொடக்கம். மலாயாவில் அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நேரம். கோலா பிலாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பா கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தார். நான் சிங்கப்பூரில் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அரசியல் தத்துவமும் அரசியலமைப்பு வரலாறும் என் பாடங்கள். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று கேட்காதவர்கள் இல்லை. அதனாலேயே எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதல்.

விடுமுறைக்கு வந்திருந்தேன். காட்டில் இருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சாப்பாடு போய்விடக் கூடாதென்று, தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களை வேலிக் கேட்டில் நிறுத்தி, வாளி, தூக்கு, சேலை மடிப்பு எல்லாம் சோதிப்பார்கள். ஒரு பருக்கை வெளியே போக முடியாது. சர்க்கரை இல்லாத கடுங்காப்பியைக் குடித்துவிட்டுப் போனால், மத்தியானம் திரும்பி வந்துதான் சோறு.

எங்கள் வீட்டில் துணி துவைக்க ஓர் அக்கா வருவார். அவரும் பால் வெட்டுகிறவர்தான். அப்போது ஆறு மாதக் கர்ப்பம். இரண்டு நாளுக்கு முன்னால் மரத்தடியில் மயங்கி விழுந்திருந்தார்.

"பாப்பா, நீங்க சட்டமெல்லாம் படிக்கிறீங்களாமே. வயித்துப் பிள்ளக்காரி ரெண்டு உருண்ட சோறு கொண்டுபோனா அதுவுமா குத்தம்?" என்று கேட்டார்.

கேட்டதுதான் தாமதம். இங்கிலாந்து ராஜாவே ஆனாலும் சட்டத்துக்குக் கீழேதான், காரணம் சொல்லாமல் யாரையும் பிடித்துவைக்க முடியாது, எழுத்தில் இருந்தால் காட்டு என்று யாரும் கேட்கலாம் என்றெல்லாம் அரை மணி நேரம் அளந்தேன். தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண் வாங்கித் தந்த விடை அது. அவர் ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை, பால் வெட்டுகிறவர்களை மேய்க்கும் மண்டோர் வேர்க்க விறுவிறுக்க வந்து அப்பாவிடம் சொன்னார்: "ஐயா, உங்க வீட்டுல துணி தொவைக்கிற அந்தப் புள்ள சோத்த துணியில கட்டி கையிலயே வச்சிருந்துச்சு. ஒளிக்கக்கூட இல்ல. கேட்டுல புடிச்சா, எழுதினதக் காட்டுன்னு நிக்குது லா. போலீசு ஜீப்புல ஏத்தி பிலாவுக்குக் கொண்டுபோயிட்டாங்க."

அப்பா என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் நோட்டுப் புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் அடுப்பில் போட்டார். "இப்படிப் பேச யாரு சொல்லிக் குடுத்தான்னுதான் மொதல்ல கேப்பாங்க. நீ வாயத் தொறக்காத" என்றார். அந்த நாளில் சந்தேகம் ஒன்றே போதும், விசாரணை இல்லாமல் உள்ளே வைத்துவிடுவார்கள். என் படிப்பு, அப்பாவின் வேலை, குடியிருந்த வீடு எல்லாம் ஒரே வார்த்தையில் போய்விடும்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மத்தியானம் வரை நான் அறையைவிட்டு வெளியே வரவில்லை. அம்மா சோறு போட்டுக் கூப்பிட்டார். தட்டைப் பார்த்ததும் அந்த அக்கா காலையிலிருந்து பட்டினியாக இருப்பார் என்ற நினைப்பு வந்தது. அப்படியே எழுந்துபோய் தோட்டத்து லோரியில் ஏறிவிட்டேன். அப்பா திட்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஸ்டேஷனில் அக்கா சுவரோரமாகத் தரையில் இருந்தார். மாறி மாறிக் கேட்டும் "நானாத்தான் கேட்டேன்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லையாம். மலாய்க்கார இன்ஸ்பெக்டரிடம் போய், சொல்லிக்கொடுத்தது நான்தான் என்றேன். என்ன படிக்கிறாய் என்றார். சொன்னேன். உங்கள் தோட்டத்து கேட்டில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் படித்தாயா என்று கேட்டார்.

படிக்கவில்லை. தமிழிலும்தான் ஒட்டியிருந்தது. விடுமுறை முழுக்க அதைத் தாண்டித்தான் போய்வந்தேன். மேஜையில் கிடந்த பிரதியை எடுத்து நீட்டினார். கடைசிப் பத்தியில், நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மனுக் கொடுத்து பெர்மிட் வாங்கினால் உணவு கொண்டுபோகலாம் என்று இருந்தது. அந்தச் சட்டம் நியாயமானது என்று நான் இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி என்னிடம் வந்து கேட்டபோது, நான் செய்திருக்க வேண்டியது கேட் வரை நடந்துபோய் அந்தத் தாளைப் படித்துச் சொல்வதுதான். அதைச் செய்யாமல் இங்கிலாந்து ராஜாக்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கத்தில் தலை நிமிரவில்லை.

அங்கேயே உட்கார்ந்து அக்காவுக்காக மனு எழுதினேன். இன்ஸ்பெக்டர் என் அடையாளக் கார்டு விவரத்தைக் குறித்துக்கொண்டு, கடுமையாக எச்சரித்து, சாயங்காலம் எங்களை விட்டுவிட்டார்.

லோரியில் திரும்பும்போது அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கோபப்படவில்லை.

"நீங்க சொன்னது நாயந்தான் பாப்பா. ஆனா சொன்ன நீங்க வீட்டுல இருந்தீங்க. கேட்டுல நின்னது நானு."

பெர்மிட் மூன்றாம் வாரம் வந்தது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. பிறகு நான் ஆசிரியையாகி அதே பாடத்தைப் பல வருடம் நடத்தினேன். உரிமை என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதும் ஒவ்வொரு முறையும், இதை நம்பி நாளைக்கு கேட்டில் போய் நிற்கப்போவது யார், அப்போது நான் எங்கே இருப்பேன் என்று கேட்டுக்கொள்ளாமல் என்னால் அடுத்த வரியை எழுத முடிந்ததில்லை.