காக்காச் சோறும் ஏர் பைப்பும்

தண்ணீரோடு மல்லுக்கட்டுவது பெரிய காரியமில்லை. கொஞ்சம் சரிவு கொடுத்தால் பேசாமல் போய்விடும். வீட்டுக்காரர்களை அப்படிப் போகவைக்கத்தான் எந்தக் கடையிலும் பைப் விற்பதில்லை. பிளம்பர் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, சங்கரன்கோவிலில் ஒரே ஒரு அடுப்படியில் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

ஈசான மூலை

கோமதிநாயகம் அண்ணாச்சி அரசு வேலையில் ஓய்வு பெற்றவர். பழைய அடுப்படியை இடித்துப் புதுசாக்கக் கூப்பிட்டார். வாசுதேவநல்லூரில் அவர் தம்பி இரண்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார். இந்த அடுப்படி நன்றாக அமைந்தால் அந்த வேலையும் எனக்குத்தான் என்றார். ஆறு மாதமாகக் குழாய்க்கு வாஷர் மாற்றிக்கொண்டிருந்தவனுக்கு அது பெரிய பேச்சு.

கழிவுநீர் வெளியேறுவது தென்மேற்கில். சிங்க் அதன் பக்கத்திலேயே இருந்தது, ஒரு தொல்லையும் இல்லை. வாஸ்துக்காரர் வந்து அதை நேர் எதிரே ஈசான மூலைக்கு மாற்றச் சொன்னார். தரைக்கடியில் பதினாறு அடி பைப் போகவேண்டும், சரிவு பத்தாது, அடைக்கும் என்றேன். அண்ணாச்சி சொன்னார்: "சிங்க் அடைச்சா உம்மக் கூப்பிடலாம், குடும்பத்துல ஒண்ணுன்னா யாரைவே கூப்பிடுதது?"

மாடிக்குப் போன குழாய்

முடிந்தமட்டும் தரையை உயர்த்திச் சரிவு எடுத்தேன். அவ்வளவு நீளத்துக்குக் காற்றும் போய்வர வழி வேண்டும். சுவரோரமாக ஓர் ஏர் பைப்பை மாடிவரை ஏற்றினேன். அது இல்லாவிட்டால், மொத்தமாக இறங்குகிற தண்ணீர், சிங்க்குக்கு அடியில் வளைந்த பைப்பில் நிற்கிற தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போய்விடும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் தடுப்பதே அந்தத் தண்ணீர்தான். இதை மூன்று தரம் விளக்கினேன். அண்ணாச்சி மூன்று தரமும் தலையாட்டினார். அவர் மனைவி மட்டும் பைப்பை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தண்ணி கீழல்லா போவுது தம்பி, மேல எதுக்குப் பைப்பு?"

விருந்து

ஆனியில் வேலை முடிந்தது. ஆடித்தபசுக்கு வாசுதேவநல்லூர்த் தம்பி குடும்பத்தோடு வந்திருந்த அன்று எனக்குப் போன். போய்ப் பார்த்தால் சிங்க் களக் களக் என்கிறது, வீடு முழுக்கச் சாக்கடை நாற்றம். விருந்தாளிகள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். கழற்றினேன், கழுவினேன், மாட்டினேன், நாற்றம் அடங்கவில்லை. மாடிக்குப் போய்ப் பார்க்காதது என் மடத்தனம். நான் திறந்து வைத்துவிட்டு வந்த பைப்பை எவன் அடைப்பான் என்ற நினைப்பு. தம்பி எச்சில் கையோடு எழுந்து வந்தார். என்னைத் தாண்டி அண்ணனைப் பார்த்துக் கேட்டார்: "இந்தாளையா எனக்குக் கைகாட்டுனிய?"

எவர்சில்வர் டம்ளர்

மறுநாள் மாடிச் சாவியை வாங்கிக்கொண்டு ஏறினேன். ஏர் பைப்பின் வாயில் ஓர் எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் வெள்ளை சிமெண்ட், நல்ல கைவேலை.

கீழே வந்து விசாரித்தால், ஆடி அமாவாசைக்கு அண்ணாச்சி மாடிக் கைப்பிடிச் சுவரில் காக்காவுக்குச் சோறு வைத்திருக்கிறார். ஒன்றுகூட இறங்கவில்லை. பக்கத்தில் பைப், அதிலிருந்து வாடை. அடைத்துவிட்டார். அடைத்ததை என்னிடமும் சொல்லவில்லை, விருந்தன்று தம்பியிடமும் சொல்லவில்லை. அதைப் போய் அடைக்கலாமா என்று ஆத்திரத்தோடு கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டார்: "எங்கப்பா அந்த நாத்தத்துலயாவே சோறு திங்கணும்?"

எத்தனை அடி?

டம்ளரைப் பெயர்த்துவிட்டு, பைப்பை இன்னும் உயரமாக ஏற்றி, வாயைக் காக்காச் சோறு வைக்கிற இடத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிட்டேன். சிங்க் அடங்கியது, காக்காவும் வந்தது. கோளாறைத் தானே கண்டுபிடித்ததாக அண்ணாச்சி தம்பிக்குப் போனில் சொன்னதை வாசலில் நின்று கேட்டேன். வாசுதேவநல்லூர் வேலை அதற்குள் புளியங்குடிக்காரர் ஒருவருக்குப் போயிருந்தது. பொறாமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து அந்தப் புளியங்குடிக்காரரே என்னைக் கூப்பிட்டார்: "அண்ணே, அவிய அண்ணன் வீட்டுல உள்ள மாதிரியே ஏர் பைப் வைக்கணும்னு கண்டிசனாச் சொல்லிட்டாவ, ஒசரம் எத்தனை அடி வச்சிய?"

அளவைச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்: அடைத்தால் பிளம்பர் வேலை, ஓடினால் வீட்டுக்காரர் மூளை.