கங்காணி கழித்த கதிர்கள்

சிவசக்தி பல்கலைக்கழகத்தில் கருப் பௌதிகமும் துணிக்கைப் பௌதிகமும் படிக்கிறாள் என்பது தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அது என்ன படிப்பு என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. பரீட்சையில் ஒருமுறை கோட்டைவிட்ட பிறகு, தனக்காவது தெரியுமா என்ற சந்தேகம் அவளுக்கே வந்திருந்தது.

மிச்சமிருந்தது ஓர் ஆய்வறிக்கை. அதுவும் கவிழ்ந்தால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். காற்றில் மிதக்கும் கதிர்வீசும் தூசியை மழை கழுவி இறக்குவதால், மழை நேரத்தில் கதிர்வீச்சு சற்றுக் கூடுமாம். புத்தகம் அப்படித்தான் சொன்னது. அதை லயத்து வாசலில் அளந்து காட்டுகிறேன் என்று விரிவுரையாளரிடம் வாயைக் கொடுத்துவிட்டு, கதிர்களை எண்ணும் சின்னக் கருவியொன்றை இரவல் வாங்கி வந்தாள்.

கருவி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓர் எண்ணைக் காட்டும். பார்த்து எழுதினால் போதும். வெள்ளிக்கிழமை காலை முதல் எண்ணை அவளே எழுதினாள்: 221. அதற்குள் அம்மா லெட்சுமியைப் பதுளைக்குக் கிளினிக் கூட்டிப்போகும் நேரம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வீரசிங்கத்தின் கையில் கொப்பியைக் கொடுத்தாள். பெண்கள் பறித்த கொழுந்தை முப்பது வருஷம் தராசில் நிறுத்துக் கணக்கெழுதி ஓய்வுபெற்ற கங்காணி அவர். எண் எழுத அவரை விட்டால் தோட்டத்தில் வேறு ஆள் ஏது?

திரும்பி வந்தபோது மழை கொட்டிக்கொண்டிருந்தது. கொப்பியில் எழுத்து முத்துமுத்தாக இருந்தது. மழை பிடித்த நேரத்தைக்கூட ஓரத்தில் குறித்திருந்தார். ஆனால் மழைக்கு முன்னும் இருநூறை ஒட்டித்தான், மழையிலும் இருநூறை ஒட்டித்தான். சிவசக்திக்கு அழுகை முட்டியது. அவள் கண் முன்னாலேயே கருவி 243 காட்டியது. கங்காணி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு 194 என்று எழுதினார்.

"மாமா, 243ல்ல காட்டுது?"

"ஈரத்த யாரு கழிக்கிறது? வெயில்னா நூத்துக்குப் பத்து, மழைன்னா இருபது. முப்பது வருஷத்துல ஒரு நாளும் மாத்துனதில்ல."

எண்ணுக்கு ஏது ஈரம் என்று அவர் யோசித்ததாகவே தெரியவில்லை. ஈரத்துக்கென்று கொழுந்தின் எடையில் கழித்த கை, கதிருக்கும் கழித்துவிட்டது. அவரை மலையிலிருந்து உருட்டிவிடலாமா என்று சிவசக்திக்கு ஆத்திரம் வந்தது. அப்புறந்தான் உறைத்தது: மாறாத விகிதத்தில் வெட்டியதைத் திருப்பிச் சேர்த்துவிடலாமே. உட்கார்ந்து அவர் எழுதிய ஒவ்வோர் எண்ணிலும் வெட்டியதைச் சேர்த்தாள். வெயிலில் சராசரி 220, மழையில் 246. புத்தகம் சொன்னது லயத்து வாசலிலும் நடந்திருந்தது.

யார் கை வெட்டியது, எவ்வளவு வெட்டியது என்று ஒளிக்காமல் அறிக்கையில் எழுதினாள். விரிவுரையாளர் அந்தப் பந்திக்கு அடிக்கோடிட்டு, இப்படியொரு வழுவைத் தான் கண்டதேயில்லை என்று குறிப்பும் எழுதி, நல்ல புள்ளியும் போட்டார்.

சிவசக்தி தேறிவிட்டாள் என்று கேட்டதும் வீரசிங்கம் பாதிப் பட்டம் தனக்கு என்கிற தோரணையில் வந்து உட்கார்ந்தார். அவர் தராசில் இருபத்தாறு வருஷம் கொழுந்து போட்ட லெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள்.

"புள்ளைக்கு வெட்டுனதக் கணக்காத் திருப்பிச் சேத்தாச்சு," என்றாள். "எங்க கொழுந்த எப்பண்ணே சேப்பீங்க?"

வீரசிங்கம் தேத்தண்ணியைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து போனார்.